மேல் முகாம்

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு கல்லூரிப் பேராசிரியர் தபால் அட்டை போட்டிருக்கிறார். என் ‘காட்டுச் சேதி’ இதழில் ஆங்கிலச் சொல்லே இல்லாததால் மாணவர்களுக்குச் சிரமமாம். வேலை அறிவிப்புகளையாவது உள்ளபடியே போடலாமாம். கையெழுத்துக்குக் கீழே பட்டங்கள் மட்டும் ஒன்றரை வரி. அட்டையில் இரண்டு சந்திப்பிழை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

“அந்த மனுசன் பேரையாச்சும் திருத்தாம விட்டீங்களா?” என்றாள் என் மனைவி தனபாக்கியம்.

நான் எட்டாம் வகுப்பு. முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். விலங்கியல் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பார்த்தே விலங்கியல் படித்தேன். அந்த நூல்களின் முன்னுரையில் ஆசிரியரின் மனைவிக்கு நன்றி உண்டு, மாமனாருக்கு நன்றி உண்டு. தவளையின் இதயத்துக்கு நான்கு அறை என்று எழுதி வைத்திருந்ததை மூன்றாக்கிக் கொடுத்தவனுக்கு நன்றி கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருஷமாக இந்த இதழை நடத்துகிறேன். மாதம் நான்கு பக்கம், கையால் எழுதி நகலெடுத்துக் கல்லூரிகளுக்குத் தபாலில் அனுப்புகிறேன். முதல் பக்கம் சூழல் செய்தி. நடு இரண்டு பக்கம் புதிதாகக் கண்டறியப்பட்ட உயிர்கள். நான்காம் பக்கம் வேலை. ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பைப் பார்த்ததுமே தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் நான்காம் பக்கம். பேராசிரியருக்கு இது எங்கே தெரியப் போகிறது.

அக்டோபர் 25, சனி

காலையில் ஒரு பெண் பேசினாள். நாகஜோதி என்று பெயர். கமுதிப் பக்கம் கிராமம். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறாள். அக்டோபர் இதழில் நான் போட்ட பூவாணி மலை நீர்நாய்க் கணக்கெடுப்பு வேலைக்குத் திங்கட்கிழமை போகிறாளாம்.

அது ஓர் ஆய்வு நிறுவனத்தின் அறிவிப்பு. இரண்டு மாத வேலை. விண்ணப்பம் எதுவும் வேண்டாம், 27ஆம் தேதி காலை பத்து மணிக்கு மேல் முகாமுக்கு நேரில் வந்தால் போதும், அன்றே ஆள் எடுத்து அன்றே வேலை தொடக்கம். மலையில் தொலைபேசி எடுக்காது என்பதால் வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டும். எல்லாவற்றையும் தெளிவாகத் தமிழில் கொடுத்திருந்தேன்.

“அட்டைப்பூச்சி கடிக்காம இருக்க அட்டைக் காலுறை கொண்டு வரணும்னு போட்டிருந்தீங்கய்யா. கடையில கேட்டா சிரிக்கிறாங்க. எங்கம்மா பழைய போர்வையக் கிழிச்சுத் தச்சுக் குடுத்திருச்சு.”

“நல்லது. நீர்நாயப் பாத்திருக்கியாம்மா?”

“எங்க ஊர்ல நீரே கெடையாதேய்யா. நாய்தான் இருக்கு.”

சிரித்துவிட்டேன். பிறகு, மேல் முகாம் என்றால் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். நான்காம் பக்கத்தைச் சரியாகப் படிக்காமல் கேட்கிறாளே என்று கொஞ்சம் எரிச்சல்தான்.

“பூவாணி அடிவாரத்துல எறங்கி மேல் முகாம்னு கேளும்மா. யார் வேணும்னாலும் காட்டுவாங்க.”

“சரிங்கய்யா. உங்களாலதான்யா இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுச்சு.”

இதைப் பேராசிரியர் கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. தனபாக்கியத்துக்கு முழங்கால் வலி. நான்தான் ரேஷன் கடைக்குப் போனேன். குடைக்கம்பி ஒன்று தெறித்துவிட்டது. மலைப்பகுதிகளில் கனமழை என்று வானொலியில் சொன்னார்கள். பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் அந்தப் பெண் வரிசையில் நின்றிருப்பாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. நவம்பர் இதழுக்குப் புது நண்டினம் பற்றி எழுதினேன். கால்கள் கத்திரிப்பூ நிறமாம்.

அக்டோபர் 30, வியாழன்

மாலை நான்கு மணிக்கு ஒரு போன். பெண் குரல், எடுத்தவுடன் மூச்சிரைப்பு.

“அய்யா, எம்புள்ள அங்க போய்ச் சேந்துருச்சா?”

நாகஜோதியின் அம்மா. பஞ்சவர்ணம் என்று பெயர் சொன்னாள். இதழின் அடியில் இருந்த என் எண்ணை யாரையோ வைத்து எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அடிவாரத்திலிருந்து மகள் கடைசியாகப் பேசினாளாம். ஜீப் ஏறப்போகிறேன் என்றாளாம்.

“மலையில போன் எடுக்காதும்மா. அதையும் நான் போட்டிருக்கேன்.”

“எடுக்காதுன்னு அதுவும் சொல்லிட்டுத்தான்யா போச்சு. வேல கெடச்சாலும் கெடைக்கலன்னாலும் யாரு மூலமாச்சும் ஒரு வார்த்த சொல்லிவிடுறேன்னுச்சு. நாலு நாளாச்சு.”

வேலை கிடைத்திருக்கும், கிடைக்காவிட்டால் திரும்பி வந்திருக்க மாட்டாளா என்று சொல்லி வைத்தேன். வைத்தபின் கை ஈரமாக இருந்தது. மழைச் சாரல் சன்னல் வழியாக உள்ளே அடிக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

நிறுவனத்தைப் பிடிக்கப் பதினோரு முறை அழைத்தேன். கணக்கெடுப்புப் பொறுப்பாளர் முனைவர் வசுமதி மருந்து வாங்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்ததால் கிடைத்தார்.

“ஒன்பது பேர் வந்தாங்க. நாலு பேரை எடுத்தோம். நாகஜோதின்னு யாருமே வரலையே.”

“வந்திருப்பாள். பதிவேட்டைப் பாருங்கள்.”

“பதிவேட்ட நான்தான் எழுதினேன் அய்யா. மழையில மனசு மாறித் திரும்பிப் போயிருப்பாங்களோ?”

“அந்தப் பெண் போர்வையைக் கிழித்துக் காலுறை தைத்துக்கொண்டு வந்தவள்” என்றேன்.

அவர் பிறகு கேட்டார். “எங்க அறிவிப்புல அப்பர் கேம்ப்னு இருந்தது. நீங்களும் அதைத்தானே போட்டீங்க?”

“அதைத்தான் போட்டேன்.”

அப்பர் என்றால் மேல். கேம்ப் என்றால் முகாம். இதில் சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது?

வனத்துறைக்குத் தாமே சொல்வதாகச் சொன்னார். இரவு இட்லி இறங்கவில்லை.

நவம்பர் 1, சனி

பஞ்சவர்ணம் வீட்டுக்கே வந்துவிட்டாள். காலை ஏழு மணி. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மகளுடைய ஒரு செட் துணி. கிடைத்ததும் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். உட்காரச் சொன்னால் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

“போலீசுல எழுதிக் குடுத்தேன்யா. எந்தப் பயலோடயும் பேச்சு உண்டாங்கிறாங்க. எம்புள்ள பல்லியோடவும் பாம்போடவுந்தான் பேசும், வேற யாரோடயும் பேசாதுன்னேன். சிரிக்கிறாங்க.”

தனபாக்கியம் அவளுக்குக் காப்பி கொடுத்தாள். அவள் அதை ஆறவைத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

மதியம் பூவாணி வனவர் ஜெபராஜ் பேசினார். இன்று காலையிலிருந்து அப்பர் கேம்ப் சாலையிலும் அதற்கு மேலே புல்வெளியிலும் ஆறு பேர் தேடுகிறார்கள். அடிவாரத்தில் எல்லா ஜீப்காரர்களையும் விசாரித்தாயிற்று, அப்பர் கேம்ப்புக்கு அப்படி ஒரு பெண் ஏறவில்லை என்கிறார்கள்.

“கடைசியா உங்ககிட்டதான் வழி கேட்டிருக்குன்னு அவங்கம்மா சொல்றாங்க. என்ன சொன்னீங்க பெரியவரே?”

“அச்சில் இருப்பதைப் பார்த்துக்கொள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.”

“அப்பர் கேம்ப்னுதான அதுல இருக்கு?”

“ஆமாம்.”

தமிழில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

மலையில் பெண்கள் தனியாகப் போனால் என்னென்ன நேரும் என்பதையெல்லாம் பதினோரு வருஷமாக முதல் பக்கத்தில் எழுதியவன் நான். கரடி, காட்டாறு, யானை. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கின்றன. பஞ்சவர்ணம் இங்கேயே தங்கியிருக்கிறாள். அவள் இருக்கும் அறைக்குள் போவதற்கு எனக்குக் காரணம் தேவைப்படுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

பதினோரு மணி இருக்கும். பஞ்சவர்ணம் தனபாக்கியத்திடம், “எம்புள்ள எதப் படிச்சுட்டுப் போச்சுன்னு எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுத்தா” என்றாள். தனபாக்கியம் அக்டோபர் இதழை எடுத்து நான்காம் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான் எழுதுவதுபோல இருந்தேன்.

“மேல் மொகாம்னா, மேக்கால இருக்கிற மொகாமாய்யா?”

“மேற்கு இல்லம்மா. மேல. ஒசரத்துல.”

“ஓகோ. எங்கூர்ல மேலத்தெருன்னா மேக்குத் தெரு. அதான் கேட்டேன். எனக்கு எழுத்து வாசன கெடையாது, தப்பா நெனச்சுக்காதீங்க.”

தனபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நாங்கள் குடியிருப்பது மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்து. நாற்பத்து நான்கு வருஷம். மேலமாசி வீதி உயரத்தில் இருக்கிறது என்று நானோ வேறு யாருமோ ஒருநாளும் நினைத்ததில்லை.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். ‘மேல்’ என்பதற்கு உயரம் என்றும் இருக்கிறது, மேற்கு என்றும் இருக்கிறது. உயரம் முதலில் இருக்கிறது.

சமையலறையில் தனபாக்கியம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஏங்க, அந்த வனவருக்கு ஒரு போனப் போட்டு, மேக்கால அப்பிடி ஏதும் எடம் இருக்கான்னு கேட்ருங்களேன்.”

“ஞாயித்துக்கெழம. எடுக்க மாட்டாரு.”

“காணாமப் போன புள்ளையத் தேடுறவனுக்கு ஞாயிறு என்ன, திங்க என்ன?”

“அப்பர்னா மேல்தான்டி. நான் ஒண்ணும் தப்பாப் போடல.”

“தப்பாப் போட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே” என்றாள்.

பிற்பகலில் பழைய இதழ்களை வரிசைப்படுத்தினேன். போனைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன். கேட்டால் என்ன ஆகும்? அப்படி ஓர் இடம் இல்லை என்பார். இல்லாத ஒன்றைக் கேட்டுத் தேடுகிறவர்களைக் குழப்புவது சரியில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாகப் பார்க்கலாம்.

மாலை ஐந்து மணிக்கு இடி. இந்தப் பருவத்தில் இதுவரை பெய்யாத மழை. பஞ்சவர்ணம் சன்னலருகே நின்றுகொண்டே இருந்தாள்.

நவம்பர் 3, திங்கள்

காலை ஆறேகாலுக்கு வனவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அங்க மேற்குப் பக்கம் ஏதாவது முகாம் இருக்குதா?”

“மேக்கயா? பழைய யான மொகாம் ஒண்ணு இருக்கு. மேல மொகாம்பாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம். யானைகளக் கொண்டுபோயி இருவது வருசமாச்சு. ஜனமே கெடையாது. எதுக்குக் கேக்குறீங்க?”

அக்டோபர் இதழை நான்காம் பக்கத்துக்குத் திருப்பினேன்.

“பெரியவரே, உங்க பேப்பர்ல அப்பர் கேம்ப்னுதான இருக்கு?”

“தமிழில் போட்டிருந்தேன்.”

“தமிழ்லன்னா?”

“மேல் முகாம்.”

அந்தப் பக்கம் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார். “அப்பர் கேம்ப இங்க பொறந்த கொழந்தகூட அப்பர் கேம்ப்னுதான்யா சொல்லும். மேல மொகாம்னா யான மொகாம். நாங்க ரெண்டு நாளா மலை உச்சியில தேடுறோம். ஜீப்காரன்கிட்ட அப்பர் கேம்ப் அப்பர் கேம்ப்னே கேட்டிருக்கோம். அவன் இல்லன்னு சொன்னது நெசந்தான்.”

“நான்...”

“இதச் சொல்ல இத்தன நாளா?”

வைத்துவிட்டார். திரும்பினால் பஞ்சவர்ணம் வாசற்படியில் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

“நானும் வாரேன்” என்றாள் தனபாக்கியம், அந்த முழங்காலோடு.

மூன்று பேரும் பேருந்தில். நான்கரை மணி நேரம். பயம் என்பது இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று தெரியாது. நடத்துனர் சில்லறை கேட்கிறார், பக்கத்துச் சீட்டுக் குழந்தை பொரி தின்கிறது.

அடிவாரத்தில் வனத்துறைக் கொட்டகையில் உட்கார்த்தி வைத்தார்கள். பெஞ்சின் ஒரு கோடியில் பஞ்சவர்ணம், மறு கோடியில் நான். ஒரு ஜீப்காரர் வந்து, போன திங்கட்கிழமை காலையில் ஒரு பெண்ணை ஆற்றுத் துறையில் தானே இறக்கிவிட்டதாகச் சொன்னார். “மேல் மொகாம் போகணும்னுச்சு. டிப்பார்ட்மெண்டு புள்ளன்னு நெனச்சேன். அப்பத் தண்ணி கணுக்கால் அளவுதான். அது பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு எறங்கிப் போச்சு.” ஆள் அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

ஆற்றில் வெள்ளம். கயிறு கட்டித்தான் கடந்திருக்கிறார்கள். நாலேமுக்காலுக்கு வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. இரைச்சலில் ஒரே ஒரு சொல் புரிந்தது. உசுரோட.

பஞ்சவர்ணம் துணிப்பையைத் திறந்து மகளின் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 5, புதன்

மருத்துவமனை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நேற்று அறுவை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இருக்கிறது. இன்றுதான் பார்க்க விட்டார்கள்.

நான் கற்பனை செய்ததைவிடச் சின்னப் பெண். உதடெல்லாம் வெடிப்பு.

“காட்டுச் சேதி அய்யாவா? கும்புடுறேன்யா. எந்திரிக்க முடியல.”

அவளாகவே சொன்னாள். அன்று காலை முகாமுக்குப் போனால் இடிந்த கொட்டடிகள், யானை கட்டிய சங்கிலி, ஆள் யாரும் இல்லை. பத்து மணிக்குத்தானே, இன்னும் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தாளாம். பன்னிரண்டு ஆகியும் யாரும் இல்லை. பேனா எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம், தேர்வு எழுதுபவளைப் போல. பிற்பகலில் திரும்பி வந்தால் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் கழுத்தளவு. போனிலும் சார்ஜ் போய்விட்டது. அம்மா கட்டிக்கொடுத்த அதிரசம், பொரிகடலை, மழைத்தண்ணீர்.

“பயமா இல்லையாம்மா?” என்று தனபாக்கியம் கேட்டாள்.

“பயந்தான். ஆனா கரையோரப் பாறையில தெனமும் நாலு நீர்நாய் வரும் அத்தை. ரெண்டு பெருசு, ரெண்டு குட்டி. நண்ட ஒடைச்சுத் திங்கும். எத்தன மணிக்கு வருது, எத்தன மணிக்குப் போகுதுன்னு உங்க பேப்பரு ஓரத்துலயே எழுதி வச்சேன்யா. வேலைக்குத்தான வந்தோம், செஞ்சுருவோம்னு.”

செவிலி ஊசி போட வந்தபோது, கால் எப்போது முறிந்தது என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். பெரிய மழையில கொட்டடி உத்தரம் சரிஞ்சிருச்சு.”

எந்த நாள் என்று நான் திரும்பக் கேட்டேன்.

“ஞாயிறுதான்யா.”

சனிக்கிழமையாக இருக்கலாம் அல்லவா, அப்படிப்பட்ட நிலையில் நாள் குழம்பும் என்றேன்.

“கொழம்பாதுய்யா. கரித்துண்டால செவுத்துல தேதி போட்டு வச்சிருந்தேன்.”

பஞ்சவர்ணம் மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் கேட்டேனேய்யா” என்றாள்.

அவ்வளவுதான். திரும்பவும் சீவத் தொடங்கினாள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினேன். நிற்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வசுமதி வந்திருந்தார். படுக்கையருகே உட்கார்ந்து நாகஜோதியிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வாலின் நுனி எப்படி இருந்தது, மூக்கு எப்படி, எச்சத்தில் என்ன இருந்தது. அவள் இதழின் ஓரங்களைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னாள். மேற்குக் கரையில் நீர்நாய் உண்டு என்று இதுவரை யாரும் பதிவு செய்யவில்லையாம்.

“வேல போயிருச்சா மேடம்?” என்று அவள் கேட்டாள்.

“கணக்கெடுப்பு டிசம்பரோட முடியுது நாகஜோதி. உன் கால் சரியாக நாலு மாசம் ஆகும்.”

நான் வெளியே வந்து வசுமதியை மறித்தேன். அறிவித்த நாளில், அறிவித்த நேரத்துக்கு முன்பே வந்த பெண். அவளுக்கு வேலை இல்லை என்பது அநியாயம்.

“நாங்க அறிவிச்ச எடத்துக்கு வரலையே அய்யா.”

“நான் அறிவித்த இடத்துக்கு வந்தாள்.”

“அப்ப வேலையும் நீங்கதான் குடுக்கணும்.”

இவ்வளவு சின்ன வயதில் இப்படிப் பேசுகிறார்கள். ஜீப்பில் ஏறும்போது அவராகவே சொன்னார், அந்த நான்கு நீர்நாய்களையும் நாகஜோதி பெயரிலேயே பதிவு செய்வதாகவும், அடுத்த வருஷக் கணக்கெடுப்புக்கு அவளைக் கூப்பிடுவதாகவும். பஞ்சவர்ணம் விடமாட்டாள். விடக்கூடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதை என் வாயால் சொல்ல எனக்கு என்ன உரிமை?

நவம்பர் 7, வெள்ளி

ஊருக்குத் திரும்புமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். பஞ்சவர்ணம் பால் வாங்கப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன் என்று தனபாக்கியம் சொல்வது சரியல்ல.

தவறு என்னுடையது என்று நாகஜோதியிடம் சொன்னேன். மேல், மேற்கு, அப்பர் எல்லாம் விளக்கினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அது பரவால்லய்யா. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இனிமே வேல விளம்பரத்த இங்கிலீஷ்லயும் கீழ போட்டுருங்கய்யா. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிறேன்.”

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அம்மா அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

காட்டில் நடந்தது கல்லூரிகளுக்கு எட்டிவிட்டது. அதே பேராசிரியரிடமிருந்து மறுபடி தபால் அட்டை. இம்முறை ஒரே வரி: ‘இதழை நிறுத்திவிடுவது உத்தமம்.’ சந்திப்பிழை இல்லை.

நிறுத்த மாட்டேன்.

நவம்பர் 15, சனி

எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் யாரையோ இறக்கிவிடுவது போல இருக்கிறது. ‘அருகில்’ என்று எழுதினேன். எதற்கு அருகில், எவ்வளவு தொலைவு? அடித்தேன். ‘எளிதில் அடையலாம்’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். கத்திரிப்பூ நிற நண்டைத் தவிர வேறொன்றும் முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

தாமதமாக நவம்பர் இதழ் முடிந்தது. திருத்தம் ஒன்று போட வேண்டும். ஆறு முறை எழுதினேன். முதலில் எழுதியதில் மக்கள் வழக்கு, அகராதிப் பொருள் எல்லாம் இருந்தன. கடைசியில் இப்படி:

‘அக்டோபர் இதழ், நான்காம் பக்கம்: அப்பர் கேம்ப் என்று இருக்க வேண்டிய இடத்தில் மேல் முகாம் என்று எழுதிவிட்டேன். அந்தப் பெயரில் மேற்கே வேறோர் இடம் இருப்பதை விசாரிக்கவில்லை. இதனால் ஒரு பெண் ஏழு நாள் காட்டில் தனியே இருந்தாள். அவள் கால் முறிந்தது. தவறு ஆசிரியருடையது.’

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதவில்லை. இடம் இல்லை.

நகலெடுத்து வந்த தாளைத் தனபாக்கியம் முன்னும் பின்னும் பார்த்தாள். “நாலாம் பக்கத்துல முக்காவாசி வெள்ளையாக் கெடக்கே” என்றாள்.

நவம்பர் 26, புதன்

டிசம்பர் இதழுக்கு ஒரே ஓர் அறிவிப்புதான் வந்திருக்கிறது. கடலோரத்தில் வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலை, ஆறு இடங்கள், நேரில் வரவேண்டும். ஆங்கிலத்தில் இருந்த இடப்பெயரை ஆங்கிலத்திலேயே கீழே எழுதினேன். மேலே தமிழில் என்ன எழுதுவது? காலையிலிருந்து அந்த ஒரு வரி காலியாகவே கிடந்தது.

நிறுவனத்தை அழைத்து, அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் யாருடைய எண்ணாவது வேண்டும் என்றேன். சிரித்தார்கள். விடவில்லை. நாலு பேர் கைமாறி, நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர் எண் கிடைத்தது.

“அலோ, யாருங்க?”

“மதுரையிலிருந்து பேசுறேன். உங்க கடைக்கு எதிர்ல பஸ் நிக்குமே, அந்த எடத்துக்கு என்ன பேரு?”

“போர்டுல சால்ட் ரோடு பீல்டு ஸ்டேசன்னு எழுதியிருக்கும்.”

“போர்டு வேண்டாம். கண்டக்டர் என்னன்னு சொல்லிக் கூப்பிடுவாரு?”

“கண்டக்டரா? பழைய செக்போஸ்ட்டும்பாரு. செக்போஸ்ட்ட எடுத்து எத்தனையோ வருசமாச்சு. ஆனா அப்பிடிச் சொன்னாத்தான் நிப்பாட்டுவான்.”

“வேற எங்கயாச்சும் இன்னொரு பழைய செக்போஸ்ட் இருக்கா?”

“இல்லைங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேற்குல, கிழக்குல, ஆத்துக்கு அந்தப் பக்கம்?”

“இங்க ஆறே இல்லைங்க. கடலுதான்.” அவருக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. “எதுக்கு இம்புட்டு விசாரண? நீங்க எறங்கப் போறீங்களா?”

“இல்ல. ஒரு பிள்ள எறங்கணும்.”

“யாரு பிள்ள? பேரச் சொல்லுங்க, வந்தா நான் பாத்துக்கிறேன்.”

“பேரு இன்னும் தெரியாது” என்றேன்.